செய்தலும் செய்வித்தலும்

வேலை தேடும் பருவத்திலுள்ள நம் சமூகத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே வினாவைத் தாங்கிய கடிதங்கள் அவ்வப்போது நமக்கு வந்துகொண்டிருக்கின்றன. அண்மையில் வந்தது ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதப்பட்டது. எழுதியவர் வணிகவியல் பட்டம் பெற்ற இளைஞர். தகப்பனாருக்குச் சிறிதளவு நிலம் உண்டு. படிப்புக்காக வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து, கணக்குப் பிரிவில் சேர்ந்து சில ஆண்டுகளில் பணியாளர் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி அழைப்பு வந்துள்ளது. "நான் தோலைக் கையால் தொடப்போவதில்லை, கணினியின் முன் அமர்ந்து சம்பளப் பட்டியல் போடப்போகிறேன். இதில் ஹிம்சை எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்கிறார். அவருடைய பாட்டனாரோ, "அந்தக் காசில் இந்த வீட்டு அடுப்பில் உலை ஏறக் கூடாது" என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். தந்தையார் இருவருக்கும் நடுவில் வாய் திறவாமல் இருக்கிறார்.

பாட்டனார் தொழிலைப் பார்க்கிறார். பேரன் தன் கையைப் பார்க்கிறார். இரு பார்வையிலும் உண்மை உண்டு. ஆயினும் அந்தச் சம்பளப் பட்டியல் யாருடைய சம்பளத்தின் பட்டியல் என்பதை இருவரும் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை. நாம் சிறிது விரிவாகச் சிந்திக்க விரும்புவது அதனைத்தான்.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த அமிர்தியை நம் வாசகர் பலர் அறிவர். 1967இல் ஏற்பட்ட சிறு உயிரியல் பூங்காவும் மழைக்காலத்து அருவியும் அங்கே உள்ளன. அம்மலைக்கு வடக்கே பாலாறு செல்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள் அப்பக்கத்தன. மலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு என நம்மவர் ஏர் பிடித்து வாழ்ந்துவரும் ஊர்கள். அமிர்திக் காடுகளில் தோன்றும் நாகநதி கண்ணமங்கலத்தின் வழியாக நம் ஊர்களின் பக்கமே இறங்குகிறது. குரோமிய உப்பு வருவதற்கு முன்பு, சவ்வாது மலைக் கடுக்காயும் வறண்ட நிலங்களில் உரிக்கப்பட்ட ஆவாரம்பட்டையும் தோல் பதனிடுவோரின் தொட்டிகளுக்கு வண்டி வண்டியாகச் சென்றன. இன்று மலைக்கு இப்பாலிருந்து அப்பால் செல்பவர்கள் நம் பிள்ளைகள்.

அப்பாலும் நமக்கு அயலிடமன்று. ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டில் அர்மாமலைக் குகையின் விதானத்தில் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சமண ஓவியங்கள் மங்கிய நிலையில் இன்றும் உள்ளன. வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துத் திருவுருவங்கள் உள்ளன. எறும்புக்கும் இடர் வாராமல் மயிற்பீலியால் தரையை நீவி அமர்ந்த முனிவர்கள் உறைந்த அப்பள்ளத்தாக்கு, பின்னாளில் நாட்டின் பெரிய தோல் சந்தைகளுள் ஒன்றாயிற்று.

நிற்க. வினாவுக்கு வருவோம்.

இளைஞரின் பக்கம் ஆகமச் சான்று இல்லாமல் இல்லை. கற்பக மரங்கள் வற்றியபின் மக்கள் பிழைக்கும் வழி தெரியாது நின்றபோது, ஆதிநாதப் பெருமான் அறுவகைத் தொழில்களைக் கற்பித்தருளினார் என்பது நம் புராணம். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் அவற்றுள் இரண்டாவதாகிய மசி என்பது மை. எழுத்துத் தொழில், கணக்குத் தொழில் என்று பொருள். பகவானே கற்பித்த தொழில் எவ்வாறு பழிக்கத்தக்கதாகும் என்று அவர் கேட்கலாம்.

பாட்டனாரின் பக்கமும் சான்று உண்டு. இல்லறத்தான் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தொகுத்தார். நம் திகம்பர மரபில் ஆசாதரரும் அவற்றைப் பற்றிப் பேசியுள்ளார். யானைத் தந்தம் முதலாக விலங்குடலின் பகுதிகளை வாங்கி விற்றல் அவற்றுள் ஒன்று. தோலும் அதனுள் அடங்கும். ஆகவே தோல் வாணிபம் சிராவகனுக்கு உரியதன்று என்பதில் ஐயமில்லை. கேள்வி, அவ்வாணிபத்தின் ஏட்டில் எழுதுகிறவனைப் பற்றியது.

இதற்கு விடை தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்திலேயே இருப்பதாக நாம் கருதுகிறோம். வினை ஊற்றுக்கு ஜீவன் இடமாகும் முறைகளை உமாசுவாமிகள் அங்கே எண்ணிக் காட்டுகிறார். ஒரு செயலைச் செய்யத் துணிதல், அதற்கான கருவிகளைக் கூட்டுதல், செயலைத் தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என்னும் வழிகள் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. கோபம், மானம், மாயை, உலோபம் எனக் கஷாயங்கள் நான்கு. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் 108 வரும். ஜபமாலையில் மணிகள் 108 ஆனதற்கு இக்கணக்கையே பெரியோர் காரணம் கூறுவர். நாள்தோறும் மாலையை உருட்டுகிற நம்முள் எத்தனை பேர் அக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம் என்பது வேறு செய்தி.

அந்த 108இல் 36 முறைகள் செய்வித்தலுக்கு உரியவை. கை படவில்லை என்பதனால் அவற்றுள் ஒன்றும் குறைவதில்லை. இக்காலத்தில் நிர்வாகம் என்று நாம் சொல்லுவது யாது? பிறரைக் கொண்டு ஒரு செயலை நடத்துவித்தல். மேலாளர், மேற்பார்வையாளர், பணியாளர் துறை அதிகாரி ஆகியோர்க்குத் தரப்படும் ஊதியம் செய்வித்தலுக்கான ஊதியம். எனவே 'நான் தொடவில்லை' என்னும் வாதம் மற்றெவர்க்குப் பொருந்தினும் நிர்வாகிக்குப் பொருந்தாது. தொடாமலே செய்விப்பதற்காகவே அவர் அமர்த்தப்பட்டிருக்கிறார்.

இதனால், கசாப்புக்காரரும் கணக்கரும் ஒரே அளவு வினை கட்டுகின்றனர் என்று சொல்ல வரவில்லை. அதே அத்தியாயத்தில், எண்ணத்தின் தீவிரமும் மென்மையும், அறிந்து செய்தலும் அறியாது செய்தலும் வினையின் அளவை வேறுபடுத்தும் என்று கூறப்பட்டுள்ளது. மாட்டை விற்பவர், அறுப்பவர், பச்சைத் தோலை உப்பிட்டு அனுப்புபவர், பதனிடுபவர், காலணி தைப்பவர், முதல் கடன் கொடுப்பவர், வாங்கி அணிபவர் என நீளும் சங்கிலியில் ஒவ்வொருவர் பங்கும் வேறு. 'இறைச்சிக்காகவே மாடு அறுக்கப்படுகிறது. தோல் எஞ்சிய பொருள்தானே' என்ற சமாதானத்தையும் அடிக்கடிக் கேட்கிறோம். தோலுக்குக் கிடைக்கும் விலையும் சேர்ந்துதான் மாட்டின் விலை ஆகிறது என்பதை எந்தச் சந்தை வியாபாரியும் சொல்லுவார். உடன்படுதல் அந்த விலையில் இருக்கிறது.

இனிப் பாட்டனாரின் பக்கம் திரும்புவோம். முதியோர் பலர் தோல் இடைவார் கட்டிக்கொண்டு, தோல் செருப்பை ஜினாலய வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்று, தோல் தொழிற்சாலை வேலையைக் கண்டிக்கின்றனர். இது சிறிய முரண்பாடு. இதனினும் பெரியது ஒன்று உண்டு. உழவு நம் குலத்தொழில். இழுவை இயந்திரம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டிலும் ஏர்மாடு இருந்தது. பதினைந்து ஆண்டு உழைத்துத் தளர்ந்த எருதைக் கடைசி வரை தொழுவத்தில் வைத்துத் தீனி போட்ட வீடுகளும் நம்மிடையே இருந்தன. சந்தைக்கு ஓட்டிச் சென்று, வாங்கியவர் எதற்கு வாங்கினார் என்று கேளாமல் பணத்தை மடியில் முடிந்துகொண்டு வந்த வீடுகளும் இருந்தன. அவ்வெருதின் தோல் எந்த ஊர்த் தொட்டிக்குச் சென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மலையின் இப்பாலிருந்து பேரப்பிள்ளைகள் செல்லுமுன்பே எருதுகள் சென்றுவிட்டன.

மேலும், பாட்டனாரின் சொல்லில் ஹிம்சையின் அச்சம் மட்டும் இருக்கிறதா, அருவருப்பும் கலந்திருக்கிறதா என்று அவரே தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் தொழிலின் கடினமான பகுதிகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் மீது ஊரார் கொண்ட அருவருப்பு கொல்லாமையிலிருந்து பிறந்ததன்று. கொன்று தின்பவர்களும் அதே அருவருப்பைக் கொண்டிருந்தனர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மை ஒன்று. உத்தாயண மன்னனின் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். தொழுநோயால் அழுகி நாறும் மேனியோடு வந்த முனிவருக்கு அவன் உணவளித்தான். அவர் உண்டதை அவன் மேலேயே கக்கியபோது, தான் இட்ட உணவில் யாது குற்றமோ என்று வருந்தித் தன் கையால் கழுவினான். நாற்றத்தைக் காரணம் காட்டி மனிதரை விலக்கிய சிராவகனை எந்தப் புராணமும் புகழ்ந்ததாக நாம் அறியோம். தொழிலை விலக்குவது வேறு. தொழிலாளியை விலக்குவது வேறு. முன்னதைச் செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டு பின்னதைச் செய்தால் கிடைப்பது புண்ணியமன்று.

இனி, அப்பேரன் செல்ல இருக்கும் இடத்தின் உள்ளே பார்ப்போம்.

தோல் தொழில் இரண்டு தலைமுறைக் காலத்தில் முற்றிலும் மாறிவிட்டது. பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல், சுழலும் பீப்பாய்களில் குரோமிய உப்போடு ஓரிரு நாளில் பதமாகத் தொடங்கியது. பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் வெளிநாட்டுக்கு விற்பதை 1970களில் அரசு கட்டுப்படுத்திய பின், காலணியும் மேலுறையும் தைக்கும் ஆலைகள் பெருகின. அவற்றில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். 1996 ஆகஸ்டு 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்குத் தகுதியிழந்ததும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்திய நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளுள் இது தலையாயது. அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்களும் அளவைக் கருவிகளும் கணினிப் பதிவுகளும் வந்தன. ஆயினும் பாலாற்று மக்களின் துயர் முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் அதே பள்ளத்தாக்கைக் குறித்து ஈடு வழங்கவும் கண்காணிக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது.

இம்மாற்றங்களின் பயனாக, ஒரே தொழிற்சாலையின் கூரையின் கீழ் இன்று மூன்று வகை மனிதர் உள்ளனர். பெருவிரலால் தோலை அழுத்தி, அழுந்திய தடம் மறையும் வேகத்தைக் கொண்டு பதம் சொல்லும் முதியவர். தையல் இயந்திரத்தில் இருபது ஆண்டு குனிந்து கழுத்து வலியோடு நிற்கும் நடுவயதுப் பெண்மணி. பட்டயமோ பட்டமோ பெற்று, கணினித் திரையில் அவ்விருவரையும் எண்களாகக் காணும் இளைஞர். முதல் இருவர்க்கும் ஆணையிடும் பொறுப்பு மூன்றாமவர் கையில் வருகிறது. வயதால் தாத்தா முறையில் நிற்பவரை, அத்தை முறையில் நிற்பவரை வேலை வாங்க வேண்டியவர் அவர். நம் வாசகர் வீட்டுப் பிள்ளைகள் செல்வது பெரும்பாலும் இந்த மூன்றாமிடத்துக்கே.

இங்கேதான் செய்வித்தல் என்னும் சொல் முழுப் பொருளையும் காட்டுகிறது.

தோல் கழிவு நீர்த் தொட்டிகளில் நச்சுக்காற்று தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அக்காற்று சிறிதளவாய் இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் மாள்வதும், அவரைத் தூக்க இறங்கியவரும் மாள்வதும் இத்தொழிலில் பலமுறை நடந்துள்ளன. அனுபவம் மிக்க தொழிலாளி தயங்குவார். நேரம் போகிறது என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்துவார். அந்த ஒரு நொடியில், "இறங்கு" என்னும் மொழியால் ஒரு கொலையின் செய்வித்தல் நிகழக்கூடும். அத்தகைய தொட்டிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது சட்டப்படியும் குற்றமாகும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாட்டின் உயிருக்காக வருந்தும் நாம் அந்தப் பத்து உயிர்களை எந்தக் கணக்கில் எழுதுவோம்?

முதியவர் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதை மரியாதைக்காக மட்டும் நாம் சொல்லவில்லை. அவருடைய தயக்கம் அறிவாகும். பட்டயம் பெற்றவர் அறியாத பல செய்திகள் அந்த விரலிலும் மூக்கிலும் உள்ளன. அதே போழ்து, வெறுங்கையால் இரசாயனத்தை அள்ளுவது, முகமூடியைக் கழற்றி வைப்பது போன்ற பழைய பழக்கங்களை 'நாங்கள் காலங்காலமாய் இப்படித்தான்' என்று முதியவர் காக்கும்போது, அதற்குப் பணிந்துவிடுவதும் உடன்படுதலே. இளையவர் அங்கே உறுதியாக நிற்க வேண்டும். ஆனால் பலர் முன்னிலையில் அவரை இழிவுபடுத்தித் திருத்தக் கூடாது. தனியே அழைத்துச் சொல்லலாம். பிறர் குற்றத்தை வெளியே பரப்பாது மறைத்தலும், வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தலும் நற்காட்சியின் உறுப்புகளாகவே வைக்கப்பட்டுள்ளன. ஆசாரியர் அவற்றை அறநெறியில் நிற்பாரைக் குறித்தே சொன்னார். ஒரு வேலைக்களத்துக்கும் அவற்றை நீட்டிக்கொள்வதில் தவறில்லை என்பது நம் கருத்து.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதன் வழிவந்த நம் தமிழ் நூலாகிய அருங்கலச் செப்பும் கொல்லா விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதம் முறியாமலே அதில் விழும் பழுதுகளைக் கூறுகின்றன: உறுப்பைச் சிதைத்தல், கட்டி வைத்தல், அடித்து வருத்துதல், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். உரைகளில் இவை வளர்ப்பு விலங்குகளை வைத்தே பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. ஒரு தொழிற்சாலையின் நாட்குறிப்போடு வைத்துப் படித்தால் வேறு விளக்கமே தேவைப்படாது.

பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வெட்டு இயந்திரத்தை ஓட்டச் சொன்னால் விரல் போகும். அது உறுப்புச் சிதைத்தல். மணிக்கு இத்தனை உருப்படி என்று நேற்றைய அளவின் மேல் இன்று பத்து கூட்டினால் அது பாரம் ஏற்றுதல். ஐம்பது வயதுக்காரர்க்கும் இருபது வயதுக்காரர்க்கும் ஒரே அளவு விதிப்பதும் அதனுள் அடங்கும். கழிப்பறைக்குச் செல்லும் நேரத்தைக் கணக்கிட்டுக் கடிந்துகொண்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்வர். ஒருவரும் அவர்கள் கையிலிருந்து குவளையைப் பிடுங்கவில்லை; ஆயினும் நீர் தடுக்கப்பட்டுவிட்டது. வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் ஓட்டுகிறவனைச் சாலையில் நிறுத்திக் கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இருந்தனர். கழிப்பறைக்கு நேரக் கணக்கு வைக்கும் ஏட்டை எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நாம் கேட்போமா?

கணக்குப் பிரிவுக்கே உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியை அளவாக வைத்திருந்தது. ஐந்தாம் ஆண்டு நிறையுமுன் ஒருவரின் கணக்கை முடித்து, சில நாள் இடைவெளி விட்டுப் புதியவராக மீண்டும் சேர்த்துக்கொள்வது பல தொழில்களிலும் வேரூன்றிய தந்திரம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறித்த காலப் பணியாளர்க்கு அந்த அளவை ஓராண்டாகக் குறைத்துள்ளது. அளவு மாறினால் தந்திரமும் தன் நாளை மாற்றிக்கொள்ளும். அத்தந்திரத்தை நிறைவேற்றுவது எவருடைய கத்தியும் அன்று, மசியே. பகவான் கற்பித்த எழுத்துத் தொழில் அங்கே கள்ளாமை விரதத்தோடு மோதுகிறது. தோல் தொழிற்சாலையில் மட்டுமன்றி, நம்மவர் நடத்தும் துணிக்கடையிலும், நிதி நிறுவனத்திலும், அரிசி ஆலையிலும் இது மோதக்கூடும்.

தளர்ந்த எருதைப் பற்றிச் சொன்னோம். பார்வை மங்கி ஊசியில் நூல் கோக்க இயலாது போன தொழிலாளியை ஆலை என்ன செய்கிறது என்பதும் அதே கேள்விதான். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவரை அமர்த்தலாம். தரம் பார்க்கும் மேசையில் நிற்காது உட்கார்ந்து செய்யும் வேலை தரலாம். இவற்றால் முதலாளிக்கும் நட்டமில்லை. ஆனால் இதைக் கேட்டு வாங்க ஓர் இளைய நிர்வாகி வாய் திறக்க வேண்டும். திறந்தால் தன் உயர்வு தடைப்படுமோ என்று அஞ்சுவார். அந்த அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. கடன் நிலுவையில் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது மிகப் பெரிய அச்சம்.

அண்மைக்காலத்தில் ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. நம்மவர் ஊர்களின் நடுவே செய்யாறு சிப்காட் வளாகத்தில், பெரும்பாலும் செயற்கைப் பொருள்களால் ஆன விளையாட்டுக் காலணிகளைச் செய்யும் தொழிற்சாலைகள் இயங்கிவருகின்றன. 2022இல் தமிழக அரசு காலணித் தொழிலுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் தோல் கலவாத காலணி செய்யும் பெரிய ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தோல் இல்லை, ஆகவே தோஷம் இல்லை என்று நம் வீடுகளில் மகிழ்ச்சி தெரிகிறது. மகிழ்ச்சிக்கு இடமுண்டு, நாமும் அவ்வழியையே முதலில் காட்டுகிறோம். எனினும் மேற்சொன்ன ஐந்து பழுதுகளுள் ஒன்றேனும் தோலைச் சார்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பாரமும், தண்ணீரும், தளர்ந்தவரும் எந்தக் காலணி ஆலையிலும் உண்டு. தோல் போய்விட்டதென்று கண்ணை மூடிக்கொண்டால், பாட்டனார் செய்த பிழையைப் பேரன் புதிய கூரையின் கீழ் செய்வார்.

கடிதம் எழுதிய இளைஞருக்கு நாம் அளித்த விடை இதுதான். செய்யாற்றிலோ, வேறு தொழிலிலோ, சற்றுக் குறைந்த ஊதியத்திலேனும் இடம் கிடைக்குமாயின் அதனை ஏற்பது நலம். சில மாதம் தேடிப் பார்க்கவும். கடனின் நெருக்கடியால் ஆம்பூருக்கே செல்ல நேர்ந்தால், தான் தொடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாது, செய்விப்பவன் என்னும் அறிவோடு செல்லவும். கடன் தீரும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்நாளில் வெளியேறவும். இருக்கும் காலமெல்லாம் தன் மேசையைக் கடந்து செல்லும் ஒவ்வொரு தாளிலும், எவருக்குச் சுமை கூடுகிறது, எவருக்குக் கூலி குறைகிறது என்று பார்க்கவும். கையொப்பமிட மறுக்க வேண்டிய தாள் ஒன்று என்றேனும் வரும். அன்று என்ன செய்வது என்பதை இன்றே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பேச்சில் தந்தையார் வாய் திறக்க வேண்டும். மகன் அந்தத் தாளை மறுத்து வேலை இழந்து வந்தால், "நான் அன்றே சொன்னேன்" என்று பாட்டனார் சொல்லாமல் இருக்க வேண்டும்.

கடிதத்தின் இறுதியில் மற்றொன்றும் கேட்டிருந்தார். அச்சம்பளத்திலிருந்து ஊர் ஜினாலயத்தின் நித்திய பூசைக்கு ஒரு தொகை அளிக்க அவர் விரும்புகிறார். தர்மகர்த்தாக்கள் வாங்க மாட்டார்கள் என்று ஊரில் பேச்சாம். தோல் வணிகருக்கு வட்டிக்கு முதல் கொடுத்துப் பொருளீட்டியவர்களின் பெயர்கள் நம் ஆலயங்கள் சிலவற்றின் கல்வெட்டுப் பலகைகளில் இருக்கின்றன. அவர்களிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே இவரிடம் மட்டும் கேட்பது முறையாகாது. பொருள் வந்த வழியை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கும் கை அது. வாங்கிக்கொண்டு, வரவு ஏட்டில் அவர் பெயரோடு வேலை செய்யும் ஊரையும் எழுதிக்கொள்ளுமாறு தர்மகர்த்தாக்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியுள்ளோம்.